கூலி கேட்பவரும் விலை கேட்பவரும் எதிரிகளா?

அறுவடைக் காலம் வந்தால் காவிரிப் பாசனப் பகுதிக் கிராமங்களில் இரண்டு குரல்கள் எழும். "இந்தக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது" என்பது ஒன்று. "இந்தக் கூலியில் குடும்பம் நடத்த முடியாது" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு குரல்களும் ஒன்றையொன்று நோக்கியே எழுவதுதான் வேதனை. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியும், அதில் நடவு நடும் தொழிலாளியும் வாதாடிக் கொண்டிருக்கும்போது, நெல்லுக்கு விலை வைப்பவரும் உரத்துக்கு விலை வைப்பவரும் அந்தப் பக்கம் வருவதே இல்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சும்மா சொன்னதல்ல.

விவசாயிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் தனித்தனியே இருக்கலாம். எதிரெதிரே இருக்கக் கூடாது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய தஞ்சை மாவட்டத்தின் சரித்திரமே போதும்.

சேர்ந்து நின்ற காலம்

1943-ம் ஆண்டு முதல் கீழத் தஞ்சையில் விவசாயிகள் சங்கம் வேரூன்றியது. கன்னடப் பகுதியில் பிறந்து, தமிழ் கற்று, தஞ்சைக் கிராமங்களிலேயே வாழ்ந்து உழைத்த பி. சீனிவாச ராவ் அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர். அன்று நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் குவிந்து கிடந்தது. பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனை. குத்தகைதாரருக்கோ அடுத்த சாகுபடிக்கு நிலம் கையில் இருக்குமா என்ற நிச்சயம் கிடையாது.

அந்தச் சங்கத்தின் பலம் எங்கே இருந்தது? பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும் ஒரே கொடியின் கீழ் நின்றதில் இருந்தது. பண்ணையாள் மட்டும் வேலையை நிறுத்தியிருந்தால், வேறு ஆளை வைத்து வேலை நடந்திருக்கும். குத்தகைதாரர் மட்டும் எதிர்த்திருந்தால், நிலத்தைப் பிடுங்கிப் பண்ணையாளைக் கொண்டே பயிர் வைத்திருப்பார்கள். இருவரும் சேர்ந்து நின்றபோது மிராசுதாருக்குப் பேசுவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று.

1940-களில் மன்னார்குடி, களப்பால் ஒப்பந்தங்கள் இப்படித்தான் ஏற்பட்டன. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு பிறந்தது. 1952-ம் ஆண்டில் ராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றும், பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்றும் அது சொன்னது. குத்தகைக்காரரும் கூலியாளும் ஒரே சட்டத்தில் இடம் பெற்றது, அவர்கள் ஒன்றாக நின்று போராடியதற்குக் கிடைத்த பலன்.

பிரிந்து நின்ற காலம்

அதற்குப் பின் வழிகள் பிரிந்தன. 1955, 1956-ம் ஆண்டுச் சட்டங்களால் குத்தகைதாரருக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது. நஞ்சையில் அவருக்கு 100-க்கு 60 பங்கு என்று ஆயிற்று. பண்ணையாட்களையோ மிராசுதார்கள் கழித்துவிட்டுத் தினக்கூலிகளாக ஆக்கினார்கள். தினக்கூலிக்கு 1952-ம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு எப்படிக் கிடைக்கும்?

1960-களில் புதிய நெல் ரகங்களும் ரசாயன உரமும் வந்தன. விளைச்சல் கூடியபோது தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். அப்போது நெல் உற்பத்தியாளர் என்ற பெயரில் நிலமுடையோர் சங்கம் கிளம்பியது. பெரிய மிராசுதார் தமது லாபத்தைக் காக்க அமைத்த சங்கத்தில், சிறு நிலக்காரரும் தாம் அவருக்குச் சமம் என்று எண்ணிப் போய் நின்றார். சாதி வேற்றுமை அந்த எண்ணத்துக்குத் தூபம் போட்டது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்ததில் பகை முற்றியது. 1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் தீயில் கருகின. மாண்டவர்கள் தாழ்த்தப்பட்ட கூலிக் குடும்பத்தினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அந்தக் கொடுமைக்குப் பின்தான் 1969-ம் ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலிக் கோரிக்கை நியாயமானது என்று அரசாங்கமே ஒப்புக்கொள்ள, அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது. மிராசுதார் பக்கம் நின்ற சிறு நிலக்காரருக்கு அதனால் என்ன லாபம் கிடைத்தது? நெல்லுக்கு ஒரு காசு கூடுதலாகக் கிடைத்ததா? அதுவும் இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

கூலிதான் விவசாயியைக் கெடுக்கிறது என்பவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இன்று பல ஊர்களில் கதிர் அறுக்கும் இயந்திரமே அறுவடை செய்கிறது. அறுவடைக் கூலியே பெருஞ்சுமை என்றால், இயந்திரம் வந்தபின் சிறு விவசாயி செழித்திருக்க வேண்டுமே! அப்படி ஆகவில்லை. மழை இருட்டிக் கொண்டு வரும் நாளில் இயந்திரக்காரர் கேட்கும் வாடகையைக் கொடுத்தே தீர வேண்டும். அவரிடம் பேரம் பேச விவசாயிக்கு வாய் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. குறைந்தபட்ச ஆதரவு விலையைச் சிபாரிசு செய்யும் மத்திய ஆணையம், சாகுபடிச் செலவில் ஆட்கூலியையும் சேர்க்கிறது. விவசாயியும் அவர் மனைவி மக்களும் சொந்த வயலில் பாடுபடும் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போடுகிறது. அந்த மதிப்பு, விவசாயக் கூலி விகிதத்தை வைத்தே போடப்படுகிறது. அதாவது, தொழிலாளியின் கூலி தாழ்ந்தால் கணக்கேட்டில் சிறு விவசாயியின் உழைப்பும் தாழ்கிறது. அடுத்தவர் கூலியைக் குறைக்கக் கேட்பவர், தமது கூலியையும் சேர்த்தே குறைக்கக் கேட்கிறார்.

நெல் கொள்முதல் நிலையத்திலும் இதே நிலைமைதான். மூட்டைக்கு இவ்வளவு கொடுத்தால்தான் எடை போடுவோம் என்கிறார்கள் என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். தங்களுக்குக் கிடைக்கும் கூலி போதவில்லை என்பது சுமை தூக்குவோரின் புகார். இரு சாராரும் சேர்ந்து, "சுமைக்கூலியை உயர்த்து, விவசாயியிடம் வாங்குவதை நிறுத்து" என்று ஒரே மனுவில் கேட்டால், அந்தப் புகாருக்குக் காரணமே இல்லாமல் போகும்.

டில்லி காட்டிய வழி

சங்கங்கள் பல, கட்சிகள் பல, எப்படி ஒன்று சேருவது என்று கேட்பார்கள். 2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மூன்று வேளாண் சட்டங்களும் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அந்த ஆண்டு நவம்பர் 26-ம் தேதி மத்தியத் தொழிற்சங்கங்களின் பொது வேலை நிறுத்தமும் விவசாயிகளின் டில்லிப் பயணமும் ஒரே நாளில் நடந்தன. டில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் தங்கிய விவசாயச் சங்கங்கள் ஒரே கருத்துடையவை அல்ல. எல்லோருக்கும் பொதுவான சில கோரிக்கைகளை மட்டும் முன்வைத்து, மற்ற வேற்றுமைகளை ஒதுக்கி வைத்தார்கள். 2021-ம் ஆண்டு நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் ரத்தாயின.

அதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. வெற்றிக்குப் பின் சங்கங்கள் பிரிந்தன. ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு பிரிவினர் மட்டும் புறப்பட்டபோது, பஞ்சாப் - ஹரியானா எல்லையிலேயே தடுக்கப்பட்டார்கள். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ம் தேதி அமலுக்கு வந்துவிட்டன. ஒரு நாள் கூடிக் கலைவது வேறு. கடைசிவரை ஒருவருக்கு ஒருவர் துணை நிற்பது வேறு.

செய்ய வேண்டியது

கிராம அளவில் இதைத் தொடங்குவது கஷ்டமல்ல. நாற்றங்கால் விடுமுன்பே சிறு விவசாயிகளும் தொழிலாளர் சங்கத்தாரும் உட்கார்ந்து, நடவுக் கூலி, களையெடுப்புக் கூலி, வேலை நேரம் ஆகியவற்றைப் பேசி எழுதி வைக்கலாம். பயிர் முற்றி, மழை மிரட்டும் நாளில் பேசினால் இரு பக்கமும் ஆத்திரம்தான் பேசும். விவசாயிகள் கூட்டத்தின் தீர்மானத்தில் நியாயமான கூலியும் இடம் பெற வேண்டும். தொழிலாளர் கூட்டத்தின் தீர்மானத்தில் நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலையும் இடம் பெற வேண்டும். ஒரே ஊரில் கட்சிக்கு ஒன்றாக இருக்கும் தொழிலாளர் சங்கங்களும், கூலி பேசும் நாளிலாவது ஒரே குழுவாக வர வேண்டும்.

இதில் சிறு விவசாயிதான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். ஏனெனில் தமது வயலில் வேலை முடிந்ததும் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய மக்கள் திருப்பூரிலும் சென்னையிலும் ஆலைத் தொழிலாளிகள். கூலியை எதிர்த்துப் பெரிய நிலக்காரர் பின்னால் போவது சொந்தப் பிள்ளையின் சம்பளத்தை எதிர்ப்பதாகும். நல்ல விலையும் நல்ல கூலியும் சேர்ந்தே வரும். கேட்பவர்களும் சேர்ந்தே கேட்க வேண்டும்.