பாலாவி வாசலில் நமக்குள்ள பங்கு



முந்தல், மதுரங்குளி பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் இன்று பல வீடுகளில் தகப்பன் தேங்காய் உரிக்கிறார். மகன் பாலாவிப் பக்கம் மூட்டை தூக்கப் போகிறான். பஸ்ஸில் போனால் சிறிது தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க நம் சமூகத்துக்கு எத்தனை காலம் பிடித்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும்.

புத்தளத்துக்குத் தெற்கே, கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டிப் பாதை பிரியும் இடம் பாலாவி. உப்பளமும் மீன்வாடியும் தென்னையுமாகக் கிடந்த இந்தக் கரையில் 1970இல் அரச சீமெந்து ஆலை இயங்கத் தொடங்கியது. வடக்கே அருவக்காட்டில் வெட்டிய சுண்ணாம்புக்கல் ரயிலில் வந்து இங்கே சூளையில் வெந்தது.

அந்த வாசல் நம்மில் பலருக்குத் திறக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியிருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலைக்கணக்குப் பார்த்து இரண்டு நாடுகளுக்குப் பங்கு போட்டது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச வேலையும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவனும் அந்த வாசலில் அந்நியன்தான். எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருந்தோம்.

இதற்கிடையே யுத்தம் வந்தது. கலா ஓயாவுக்கு அப்பால் வில்பத்துக் காடு, அதற்கும் அப்பால் மன்னார். தனிநாடு கேட்டவர்களின் வரைபடம் இந்தக் கரையையும் சேர்த்துக்கொண்டது. அரசு சோதனைச் சாவடிகளை நிறுத்தியது. 1990இல் காங்கேசன்துறை ஆலை மூடப்பட்டபின், நாட்டில் கிளிங்கர் சுடும் சூளை பாலாவியில் மட்டுமே எஞ்சியது.

அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். உடுத்த துணியோடு வந்த பல்லாயிரம் பேர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். உப்பளத்திலும் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களிலும் கிடைத்த கூலிக்கு நின்றார்கள். “வந்தவர்கள் கூலியைக் குறைத்துவிட்டார்கள்” என்று அன்று நம்மவர் சிலரும் முணுமுணுத்தார்கள். தோழர்களே, பசியோடு வந்தவனா கூலியை நிர்ணயித்தான்? கூலி கொடுத்தவன்தான் குறைத்தான். அதை அன்றே சேர்ந்து கேட்காதது நம் தவறு.

1990களில் சீமெந்து ஆலை தனியார் கைக்குப் போனது. நொரோச்சோலை அனல் மின்நிலையத்தின் முதற்பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் கொள்ளளவு 900 மெகாவாட். 2019இல், புத்தளம் மக்களின் எதிர்ப்பையும் மீறி, கொழும்புக் குப்பை லொறியேறி அருவக்காட்டுக்கு வந்தது. கல்லைக் கொடுத்த ஊருக்குக் குப்பை வந்து சேர்ந்தது.

இன்று குடியுரிமை கேட்டு யாரும் வாசலில் மறிப்பதில்லை. ஆனால் மாவட்டத்தின் பல வேலைத்தளங்களில் நம் பிள்ளைகள் ஒப்பந்தகாரரின் ஆட்களாகவே நுழைகிறார்கள். “நீ தற்காலிகம், உனக்குச் சேமலாப நிதி கிடையாது” என்கிறார்கள்.

இது பொய். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, நிரந்தரமோ தற்காலிகமோ, நாட்கூலியோ துண்டு வேலையோ, முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்பட்டால், வேலை கொடுப்பவர் தன் பணத்தில் 12 சதவீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம் அவரே செலுத்த வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. தென்னந்தோட்டத்துக்கும் இதே சட்டம்தான்.

வேலைக்குச் சேர்ந்த திகதி, ஒப்பந்தகாரரின் பெயர், வாங்கிய சம்பளம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சம்பளத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள். தொழில் திணைக்களத்தில் முறையிடுவோம்.

வரும்போது பக்கத்தில் மூட்டை தூக்கும் சிங்களத் தோழரையும் முஸ்லிம் தோழரையும் அழைத்து வாருங்கள். எல்லைக் கோடுகளை வேறு யாரோ போட்டார்கள். சீமெந்துத் தூசு எல்லோர் நெஞ்சிலும் ஒன்றாகத்தான் படிகிறது.