கொடைக்கானலில் பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்ப்பது? ஆறாம் வகுப்புக்கு முன்பே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி!

"கொடைக்கானல்ல படிச்ச பிள்ளை" என்று சொன்னாலே சமவெளியில் தனி மரியாதைதான். பிள்ளையை ஹாஸ்டலில் விட மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மலையேறி வரும் பெற்றோர் ஒருபக்கம். பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு என்று பழனி மலையிலேயே விவசாயம் பார்த்துக்கொண்டு, "கவர்மென்ட் ஸ்கூலா, பிரைவேட்டா?" என்று கணக்குப் போடும் பெற்றோர் இன்னொரு பக்கம்.

இரண்டு தரப்பும் கேட்பது மூன்று கேள்விதான். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாங்க? மார்க் வருமா? சூழல் எப்படி? ஆனால் தமிழ்நாட்டில் நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளை பிளஸ் டூ முடித்த பிறகு அதைக் கேட்டுப் பயனில்லை.

ஒரே மலை, பல பாடத்திட்டம்

ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1901-ல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி. இந்தியாவில் முதன்முதலாக ஐபி டிப்ளமோ வந்தது இங்குதான், 1976-ல். ஆறு பாடங்கள், 4,000 வார்த்தையில் ஒரு ஆய்வுக் கட்டுரை, மொத்தம் 45 புள்ளிகள். மனப்பாடத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை. கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம்.

ஜே.கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையை ஒட்டி, படிப்போடு இயற்கை விவசாயத்தையும் கைத்தொழிலையும் சேர்த்துச் சொல்லித்தரும் சோலை ஸ்கூலும் இதே மலையில்தான் இருக்கிறது. இவை தவிர சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, மெட்ரிக் பள்ளிகளும் உண்டு.

இதில் மெட்ரிக் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சமச்சீர்க் கல்வி வந்த பிறகு மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம்தான், ஒரே பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுதான். பல அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியமும் வந்துவிட்டது. அப்படியென்றால் கட்டணம் எதற்கு? வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியர் வருஷா வருஷம் மாறாமல் இருக்கிறாரா, லேப் திறக்கிறதா... இவற்றுக்குத்தான். அதை விசாரிக்காமல், யூனிஃபார்மையும் ஆண்டுவிழா மேடையையும் பார்த்து முடிவெடுத்தால் காசுதான் வீண்.

அந்த நாலாவது கேள்வி என்ன?

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கவுன்சிலிங் மூலம் எம்பிபிஎஸ் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த ஆண்டே அவர்களுக்கு 300-க்கும் அதிகமான எம்பிபிஎஸ் இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2021-ல் இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இதே 7.5% வந்தது. இந்த இடத்தில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

நிபந்தனை ஒன்றுதான். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பை மட்டும் தனியாரில் படித்தாலும் போச்சு. அரசு உதவிபெறும் பள்ளிகளும் இந்த ஒதுக்கீட்டில் வராது. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு: ஆர்டிஇ இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கும்.

ஆக, எல்கேஜியில் எங்கே சேர்ப்பது என்பதைவிட ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்பதுதான் பெரிய முடிவு. ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் படித்தாலும் கதவு திறந்தேதான் இருக்கும். கல்லூரியில் மாதம் ₹1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவர்களுக்கும் அந்தப் பணம் உண்டு.

வெளிநாட்டில் படிக்க வைக்கும் வசதியும் எண்ணமும் இருக்கிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அவர்களுக்கு ஐபி நல்ல வழி. ஆனால் "டாக்டருக்குப் படிக்கணும்" என்று வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: நீட் கேள்விகள் என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டியே வருகின்றன. ஐபி முடித்த பிள்ளை அதற்குத் தனியாகத் தயாராக வேண்டியிருக்கும்.

ஆர்டிஇ 25% இடம் மலையில் கிடைக்குமா?

கொஞ்சம் கஷ்டம்தான். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம் என்று கணக்கு வைத்தால், பல மலைக் கிராமங்களுக்கு அந்தத் தூரத்தில் தனியார் பள்ளியே கிடையாது. இன்னொன்று, 2014 உச்சநீதிமன்றத் தீர்ப்புப்படி சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு ஆர்டிஇ பொருந்தாது. கொடைக்கானலின் பழைய பள்ளிகள் பலவும் கிறிஸ்தவ அமைப்புகள் நடத்துபவை.

ஸ்கூலை எப்போது போய்ப் பார்ப்பது?

பெரும்பாலான பெற்றோர் மே மாதம் சீசனுக்கு வரும்போது அப்படியே கேம்பஸையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்போது வகுப்பே நடக்காது. பூவும் பனியும் அழகாகத்தான் இருக்கும்! நவம்பரில் வந்து பாருங்கள். மழையில் ஸ்கூல் வேன் எங்கே வரை வருகிறது, கிராமத்துப் பிள்ளை காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, ஹாஸ்டலில் வெந்நீர் வருகிறதா, ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போவார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகை நிர்ணயிக்கிறது. அந்த உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பஸ், புத்தகம், ஸ்வெட்டர் என்று தனியாக என்னென்ன வாங்குகிறார்கள் என்பதையும் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. ஐந்தாம் வகுப்பு முடித்து டிசி வாங்குகிறவர்கள், அடுத்து சேரும் பள்ளி அரசுப் பள்ளியா, அரசு உதவிபெறும் பள்ளியா என்பதைத் தலைமையாசிரியரிடமே நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர்ப்பலகையை மட்டும் பார்த்தால் தெரியாது.