சிமெண்டு மண் ரோடு: 2 மணி நேரம் தாண்டினால் காசு வீண்! ஸ்ரீரங்கத்தில் கூடுதல் கவனம் தேவை

திருச்சி,

புது ரோட்டில் கொஞ்ச நாளிலேயே பள்ளம் விழுந்தால், "சிமெண்டை குறைச்சுட்டாங்கய்யா" என்றுதான் ஜனங்கள் பேசுவார்கள். ஆனால் சிமெண்டு சரியாக போட்டும், ரோலர் லேட்டாக வந்ததால் கெட்டுப்போகும் ரோடும் உண்டு.

மண் வலுவில்லாத இடங்களில், மண்ணோடு சிமெண்டும் தண்ணீரும் கலந்து ரோலர் ஓட்டி இறுக்குவார்கள். அதன் மேல்தான் ஜல்லி, தார் எல்லாம். உத்தரபிரதேசத்தில் பழைய கிராம ரோட்டையே அரைத்து, சிமெண்டு கலந்து புது ரோடு போட்டு வருகிறார்கள்.

கொத்தனாருக்கு தெரியும்

தண்ணீர் பட்டதுமே சிமெண்டு வேலையை ஆரம்பித்து விடும். மண் துகள்களை ஒட்ட வைக்கும். ஒட்டிய பிறகு ரோலர் ஏறினால் அந்த பிடிப்பு உடையும். கலவை விறைத்து விடுவதால் நெருக்கமாக அமுங்காது. உள்ளே சந்து விழும், மழை தண்ணீர் இறங்கும். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றி கிண்டினால் பலம் வராது என்பது எந்த கொத்தனாருக்கும் தெரிந்த விஷயம். ரோட்டுக்கும் அதே கதைதான்.

அதனால்தான், கலந்த 2 மணி நேரத்துக்குள் ரோலர் வேலை முடிய வேண்டும் என்று மத்திய சாலை போக்குவரத்து அமைச்சக விதி சொல்கிறது. வறண்ட வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் முடிக்க வேண்டும். திருச்சியின் மே மாத வெயிலை கேட்கவா வேண்டும்?

பாலம் தாண்டணும்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. திருச்சி பக்கம் கலந்து லாரியில் அனுப்பினால், பாலத்து நெரிசலில் நிற்கும் நேரமும் அந்த 2 மணி நேரக் கணக்கில்தான் சேரும். காவிரி பாலம் 2022 நவம்பரில் பழுதுபார்க்க மூடப்பட்டு, 2023 மார்ச்சில் திறக்கும் வரை வண்டிகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். எனவே வேலை நடக்கும் இடத்திலேயே கலப்பது நல்லது. ரோலரும் டிரைவரும் தயாராக நின்ற பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும்.

ரோலர் ஓட்டிய பிறகும் 7 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். அதற்குள் வண்டி விடக்கூடாது. வைகுண்ட ஏகாதசி நெருங்கும்போது அவசர அவசரமாக ரோட்டை திறந்தால், போட்ட சிமெண்டு மண்ணோடு மண்தான்.

ஒப்பந்தத்தில் சிமெண்டு எத்தனை மூட்டை என்று பார்ப்பவர்கள், கலந்தது எத்தனை மணி, ரோலர் முடித்தது எத்தனை மணி என்றும் எழுதி வைத்தால் பாதி பிரச்சினை தீரும். வாட்ச் பார்க்க பெரிய படிப்பு தேவையில்லை. பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் ஒடிவது என்னவோ ஆட்டோக்காரரின் வண்டிதான்!