மாணவர் பக்கம்: ஓடுகிற வண்டி ஏன் உடனே நிற்பதில்லை?



நான்காம் படிவத்தில் இயற்பியல் எடுக்கும் நம் பிள்ளைகள் பலரை மிரள வைப்பது, இயற்பியல் புத்தகத்தில் வரும் 'டாயா டான் கெராக்கான்' என்னும் பாடம். தமிழில் சொன்னால் 'விசையும் இயக்கமும்'. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு அந்தச் சொற்கள்தாம் புதியவை, பொருள் புதிதல்ல. உங்கள் பாட்டிமார் பால்மரக் காட்டில் நாள்தோறும் கண்டதுதான் அது.

காண்டாவின் இரு முனைகளிலும் பால் வாளிகள். சுமந்து நடப்பவர் சட்டென்று நின்றால், ஆள் நிற்பார், வாளியில் உள்ள பால் நிற்காது; முன்பக்கமாக எகிறி வழியும். ஏன்? ஓடிக்கொண்டிருந்த பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். நின்ற பொருள் நின்றபடியே இருக்கப் பார்க்கும். வெளியிலிருந்து ஒரு விசை வந்தால்தான் இந்த நிலை மாறும். இந்தக் குணத்திற்குச் சடத்துவம் என்று பெயர். நிலைமம் என்றும் சொல்வார்கள். உங்கள் புத்தகத்தில் 'இனெர்சியா'. நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் சொன்ன முதல் விதி இதுதான். கிள்ளான் பஸ்ஸில் பிரேக் பிடித்ததும் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்வதும் இதனாலேயே. அவர்களை யாரும் தள்ளவில்லை. பஸ் நின்றது, அவர்கள் உடல் நிற்கவில்லை.

இரண்டாம் விதிக்குத் தள்ளுவண்டியைப் பாருங்கள். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலைகள் நிறைந்த வண்டியைக் கிளப்பப் படும் பாடு, காலி வண்டிக்கு இல்லை. கணக்காகச் சொன்னால்: விசை = பொருண்மை × முடுக்கம். வண்டியும் குலையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உராய்வு போக எஞ்சிய தள்ளுவிசை 50 நியூட்டன் என்றால், வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு அரை மீட்டர் கூடும். பாதிச் சுமையை இறக்கி 50 கிலோவாக்கினால், அதே விசைக்கு ஒரு மீட்டர் கூடும். அவ்வளவுதான் கணக்கு!

மூன்றாம் விதியைப் போர்ட் கிள்ளான் துறையில் பார்க்கலாம். சிறு படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நழுவும். நாம் படகைப் பின்னால் தள்ளுகிறோம், படகு நம்மை முன்னால் தள்ளுகிறது. இரு விசைகளும் அளவில் சமம், திசையில் எதிர்.

பரீட்சைக்கு மட்டுமா இந்தப் பாடம்? பள்ளி முடிந்ததும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது மோட்டார் சைக்கிள்தானே! கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை 1970களில் அமைக்கப்பட்டது. பாதை தனியாக இருக்கலாம். நியூட்டனின் விதி எல்லாப் பாதைக்கும் ஒன்றுதான்.

காய்ந்த சாலையில், ஓரளவு நல்ல பிரேக் உள்ள வண்டி என்று கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் சுமார் 7 மீட்டரில் நிற்கும். 60இல் போனால்? வேகம் இரு மடங்கு, ஆகவே தூரமும் இரு மடங்கு, 14 மீட்டர் என்று நினைப்பீர்கள். இல்லை! 28 மீட்டர், நான்கு மடங்கு. 90இல் ஒன்பது மடங்கு, அதாவது 63 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு விநாடி போகுமே, அதில் மட்டும் 90இல் போகிற வண்டி 25 மீட்டர் ஓடியிருக்கும். கூட்டினால் 88 மீட்டர். மழை பெய்து சாலையின் பிடிப்பு பாதியானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இன்னும் இரு மடங்காகும். வண்டியை நிறுத்துவது பிரேக் மட்டுமல்ல, டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வும்தான். தேய்ந்த டயரில் ஓட்டுகிறவர் இதை மறந்துவிடுகிறார்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்பாதை ஓரம் நடப்பவர்களுக்கும் ஒரு சொல். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது. அன்றும் இன்றும் இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். உராய்வு குறைவு, பொருண்மை மிகுதி. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக் பிடித்தாலும் ரயில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடித்தான் நிற்கும். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதீர்கள்.

இனித் தலைக்கவசத்திற்கு வருவோம். நம் நாட்டில் 1973 முதல் இது சட்டப்படி கட்டாயம். சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். வெறுந்தலை தாரில் பட்டால் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கி, அந்தத் தூரத்தை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டிக் கொடுக்கிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால், தலையைத் தாக்கும் சராசரி விசை பத்தில் ஒரு பங்காகும். ஆனால், வாரை மாட்டாமல் போட்டால்? நீங்கள் விழும்போது தலைக்கவசம் தன் சடத்துவத்தால் தன் வழியே பறந்துவிடும். பெற்றோர்களே, பிள்ளை வாசலைத் தாண்டும்போது தலைக்கவசத்தை மட்டும் பார்க்காதீர்கள், வாரையும் பாருங்கள்.

சொல் அறிவோம்: டாயா – விசை, ஜிசிம் – பொருண்மை, ஹலாஜு – திசைவேகம், பெச்சுத்தான் – முடுக்கம், கெசெரான் – உராய்வு, இனெர்சியா – சடத்துவம்.

செய்து பாருங்கள்: ஒரு குவளையின் மேல் தடித்த அட்டை, அட்டையின் நடுவில் பத்துக் காசு. அட்டையை விரலால் விசுக்கென்று சுண்டுங்கள். காசு எங்கே போகிறது? அட்டையோடா, குவளைக்குள்ளா? ஏன் என்று தம்பி தங்கைகளுக்கு நீங்களே விளக்குங்கள்.

ஒரு கணக்கு: 5 டன் எடையுள்ள காலி லாரி, குலை ஏற்றியபின் 10 டன். வேகமும் பிரேக் விசையும் மாறவில்லை என்றால், நிற்கும் தூரம் எத்தனை மடங்காகும்?

(விடை: இரு மடங்கு. பொருண்மை இரட்டித்ததால் வேகம் குறையும் வீதம் பாதியாகிறது.)