வானிலிருந்து எடுத்த படம் வயலின் வழக்கைத் தீர்க்குமா?

ஒரு நாட்டின் தரைத்தோற்றப் படம் வெறுந் தாளன்று. தெரு எது, குளம் எது, காடு எது, குடியிருப்பு எது என்று அரசு தன் அதிகாரிகளுக்குச் சொல்லி வைக்கும் வாக்குமூலம் அது. அதிற் பிழை புகுந்தால் அல்லற்படுபவன் அதிகாரி அல்லன். அந்த மண்ணை உழுபவனே.

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் தோன்றியது. சங்கிலியைச் சுமந்து காடும் மேடும் நடந்த அளவையாளரின் உழைப்பே, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அமைந்த பழைய படங்கள். பின்னர் ஆகாய விமானப் படங்கள் வந்தன. இன்று செய்மதி அப்பணியை ஏற்றுள்ளது. 1972இல் அமெரிக்காவின் முதல் லான்ட்சற், 1986இல் பிரான்சின் ஸ்பொட், 2005இல் இந்தியாவின் காட்டோசற் எனச் செய்மதிகள் அடுத்தடுத்து ஏவப்பட்டன. காட்டோசற்றின் இரு கமராக்கள் ஒரே நிலத்தை இரு கோணங்களில் நோக்கின. அவ்விரு படங்களையும் பொருத்தி நிலத்தின் உயரத்தைக் கணிக்கலாம். சமவுயரக் கோடுகளை வரையலாம். இவ்வளர்ச்சியை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும் செய்மதி ஒரு சாட்சி. கண்டதை மட்டும் கூறவல்ல சாட்சி. குறுக்கு விசாரணை இன்றி ஒரு சாட்சியின் சொல்லைக் கொண்டே தீர்ப்பெழுதும் நீதிமன்றம் உண்டோ?

அச்சாட்சியின் பார்வை எத்தகையது? 1982 முதல் வந்த லான்ட்சற் படங்களில் ஒரு புள்ளி 30 மீற்றர் சதுரம். ஓர் ஏக்கர் வயல் நாலரைப் புள்ளிக்குள் அடங்கிவிடும். 2015இல் ஏவப்பட்ட சென்டினல் செய்மதியின் புள்ளி 10 மீற்றர். அதிலும் ஒரு வீட்டுக் கிணறு ஒரு புள்ளியை நிரப்பாது. மாரியில் முகில் மறைப்பதால் வன்னியின் தெளிவான படங்கள் பெரும்பாலும் கோடையிலேயே கிடைக்கின்றன. அப்போது சிறுகுளம் வற்றிப் புற்றரையாகத் தோன்றும். மரநிழலில் இருக்கும் கோயிலும் ஒற்றையடிப் பாதையும் தோன்றவே மாட்டா. குளத்தின் பெயரையோ வயலின் பெயரையோ எந்தக் கமராவும் அறியாது.

இதனாலேதான் படத்தைக் கையில் ஏந்திக் களத்துக்குச் செல்லும் வேலை இன்றியமையாததாகிறது. தரையிற் குறித்த புள்ளிகளை அளந்து படத்தை நிலத்தோடு பொருத்த வேண்டும். ஐயமான இடங்களை நேரிற் காண வேண்டும். பெயர்களை ஊராரிடம் கேட்டு எழுத வேண்டும். இவ்வேலைக்குப் பணமும் காலமும் செலவாகும். சிக்கனம் என்ற பெயரால் முதலில் வெட்டப்படக் கூடியதும் இதுவே.

வெட்டினால் விளைவது யாது? சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம். காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரிடாத நிலம் ஆகியன, மறுதலை எண்பிக்கப்படும்வரை முடிக்குரியன என ஊகிக்குமாறு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. நில அளவை அதிபதி ஒப்பமிட்ட படம் சரியானதென நீதிமன்றம் ஊகிக்க வேண்டுமென 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் தன் 83ஆம் பிரிவிற் கூறுகிறது. இவ்விரு ஊகங்களும் ஒருங்கு சேரும் இடத்தை எண்ணிப் பாருங்கள். போரினால் ஊர் பெயர்ந்த உழவனின் வயலில் பற்றை வளர்கிறது. வானிலிருந்து அது பச்சையாகத் தெரிகிறது. படத்தில் அப்பச்சை காடாகிறது. சட்டத்தில் அக்காடு அரசின் உடைமையாகிறது. உறுதியையும் தீயிற் பறிகொடுத்த உழவனே மறுதலையை எண்பிக்க வேண்டியவனாகிறான்! 2009க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் மீளக் குடியேறியோர் பலர், தாம் உழுத நிலத்தில் வன எல்லைக்கல் நிற்கக் கண்டனர்.

தரைத்தோற்றப் படம் காணி உரிமையைத் தீர்ப்பதன்று என்பர் சிலர். சட்டப்படி அது மெய்யே. ஆனால் எல்லை குறிக்க அமரும் அதிகாரியின் மேசையில் முதலில் விரிக்கப்படுவது எந்தப் படம்?

அதே சாட்சி எம் மக்களுக்காகவும் பேசும் என்பதை மறத்தலாகாது. 1972 முதலான லான்ட்சற் படங்கள் 2008இல் எவருக்கும் இலவசமாகத் திறந்து விடப்பட்டன. 1956இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களும் உள. இன்று பற்றையாகத் தெரியும் இடம் அன்று குளத்தின் கீழ் விளைந்த வயல் என்பதை அவை காட்டக்கூடும். எம் சட்டத்தரணிகள் அவற்றைத் தேடி நீதிமன்றின் முன் வைத்தல் வேண்டும்.

நாம் கேட்பவை நான்கு. படம் எடுத்த திகதியும் களம் பார்த்த திகதியும் ஒவ்வொரு தாளிலும் பொறிக்கப்படுக. தமிழ் பேசும் ஊர்களுக்குத் தமிழறிந்த அளவையாளர் செல்க. இடப்பெயர்கள் ஊரார் வழங்கும் வடிவிலேயே எழுதப்படுக. அச்சேறுமுன் படத்தின் வரைவு பிரதேச செயலகத்தில் வைக்கப்பட்டு, ஊராரின் ஆட்சேபங்கள் கேட்கப்படுக.

உழவர் பெருமக்களுக்கும் ஒரு சொல். அளவையாளர் ஊருக்கு வரும் நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்கள். முதியோரை அழைத்துச் சென்று வரம்பையும் வாய்க்காலையும் காட்டுங்கள். குளத்தின் பெயரைச் சொல்லுங்கள். அது எழுதப்படுவதைக் கண்ணாற் கண்டு திரும்புங்கள்.