எந்தத் தொட்டிக்கு என்னை நம்புகிறீர்கள்?

பிரஷர் வாஷ் மெஷினை வைத்துக்கொண்டு தாம்பரம் பக்கம் ஆறு வருடமாகத் தொழில் செய்கிறேன். மொட்டை மாடி, கார் நிறுத்துமிடம், பாசி பிடித்த மதில், மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்க், தரைக்கடியில் இருக்கும் சம்ப், எல்லாம் கழுவுவோம். தொடங்கும்போது எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். "ரேட்டைக் குறைக்காதே தம்பி, நம்பிக்கையைச் சம்பாதி." நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சொன்னவர்கள் யாரிடமும், வேலைக்குப் போன வீட்டில் "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, தள்ளியா?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போன வருடம் ஒரு வீடு. மாடியைக் கழுவி முடித்து, நானும் என்னோடு வேலை செய்யும் தம்பியும் தண்ணீர் டேங்க் பக்கம் போனோம். வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஊர்ப் பெயரையும் தெருவையும் சொன்னேன். மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "டேங்க் இன்னொரு நாள் பாத்துக்கலாம், குடிக்கிற தண்ணி பாருங்க" என்றார். படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "செப்டிக் டேங்க்ல ஏதோ அடச்சிருக்கு. ஒரு ஆளு இறங்கிப் பாத்துடுங்களேன், தனியா ஐநூறு தரேன்" என்றார்.

பத்து நிமிடத்துக்கு முன் குடிநீருக்கு ஆகாத கை, கழிவுக்கு உடனே தகுதியாகிவிட்டது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை அதற்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை உண்டு என்று சொன்னேன். "சும்மா கேட்டேன்பா" என்றார்.

சந்தையில் நம்பிக்கை என்பது பலருக்குப் பரம்பரைச் சொத்து. கடைப் பலகையில் போட்ட பெயரோ, "நம்மாளு" என்கிற ஒரு வார்த்தையோ போதும். லண்டனிலும் நியூயார்க்கிலும் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், தொழில் படுத்தது. அவரிடம் இல்லாத எந்தத் தகுதி என்னிடம் இருக்கிறது?

அந்தப் பரம்பரைச் சொத்து இல்லாதவன் முதலில் செய்வது ரேட்டைக் குறைப்பது. நானும் குறைத்தேன். மாடிக்கும் சம்புக்கும் சேர்த்து 3,500 கேட்க வேண்டிய இடத்தில் 2,000க்குப் போனேன். அந்த 1,500 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது ஆளை விட்டுவிட்டேன். சம்புக்குள் ஒருவன் இறங்கினால் மேலே ஒருவன் கயிற்றோடு நிற்க வேண்டும். மூடியே கிடந்த சம்பில் காற்று போதாது, பிளீச்சிங் பவுடர் நெடி வேறு. ஈரத்தில் ஓடும் மெஷினுக்கு, கசிவு வந்தால் கரண்டை வெட்டும் பிரேக்கர் வாங்குவதையும் தள்ளிப்போட்டேன். அவசரத்தில் முனையைத் தரைக்கு மிக அருகே வைத்து அடித்து, ஒரு வீட்டில் தட்டோட்டு இடுக்கின் சிமெண்ட் பெயர்ந்தது. மழைக்கு அந்த வீடு ஒழுகியது. "இவனுங்களே இப்படித்தான்" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மலிவாகக் கூப்பிட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு என்று இப்போது சொல்கிறேன். அன்று வாய் வரவில்லை.

இப்போது எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுக்கிறேன். எத்தனை ஆள், ஆளுக்கு என்ன கூலி, எந்த மருந்து, என்ன அளவு. முதலில் ஒரு மூலையில் மட்டும் அடித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் மற்ற இடம். டேங்க் உள்பக்கத்தைக் கழுவுவதற்கு முன்னும் பின்னும் போனில் படமெடுத்து அனுப்புகிறேன். என் வேலையால் ஏதாவது உடைந்தால் என் செலவு. கடைசி வரி: கழிவுத் தொட்டிக்குள் எங்கள் ஆள் இறங்க மாட்டார். அந்த வரிக்காகவே இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் கைவிட்டுப் போயின. போகட்டும். பாதாளச் சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐநூறு ரூபாய் பேரம் பேசுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிவதில்லை.

எழுதிக் கொடுத்தால் சாதி போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த நாட்டில் அப்படி நினைக்கவும் முடியாது. ஊர் கேட்கிறவர் தாளை வாங்கிக்கொண்டும் கேட்கிறார். ஆனால் வேண்டாம் என்றால், இப்போது அந்தத் தாளில் எந்த வரி பிடிக்கவில்லை என்று நான் திருப்பிக் கேட்க முடிகிறது. சிலர் பதிலுக்குத் திணறுவதைப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு.

என்னை உறுத்துவது வேறொன்று. இன்று அதே 2,000க்குப் போகிறவன் என் தெருப் பையன். என்னிடம் வேலை கற்றவன். அந்த இரண்டு குடியிருப்புகளும் இப்போது அவனிடம்தான். ரேட்டை ஏற்று என்று சொன்னால், "உனக்கு ஆறு வருஷப் பேர் இருக்கு அண்ணே, எனக்கு என்ன இருக்கு?" என்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் இரண்டு மணி நேரம் பேசினோம். செப்டிக் டேங்க்கில் இறங்க மாட்டேன், சம்புக்கு மேலே ஒரு ஆள் இல்லாமல் வேலையைத் தொடமாட்டேன் என்பது வரை வந்திருக்கிறான். ரேட்டைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை.