ஆயுத ஏற்றுமதி: நாடாளுமன்றம் அறிய வேண்டாமா?

2008 செப்டம்பர் 9-ம் தேதி வவுனியா ராணுவத் தளத்தை விடுதலைப் புலிகள் தாக்கினர். காயமடைந்தவர்களில் இருவர் இந்தியர்கள். இலங்கைக்கு இந்தியா வழங்கிய ரேடாரைப் பராமரித்து வந்தவர்கள் அவர்கள் என்பது தெரிந்ததும் தமிழகம் கொதித்தது.

"இந்திரா" என்ற அந்த ரேடார், பெங்களூருவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. அதே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்தது. இந்தியப் பணியாளர்கள் போர்முனையில் இருப்பதைத் தமிழக மக்கள் அறிந்தது நாடாளுமன்றத்தின் வாயிலாக அல்ல; தாக்குதல் செய்தியின் வாயிலாகவே.

இன்று நிலைமை இன்னும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. 2013-14-ல் ரூ.686 கோடியாக இருந்த பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி, 2024-25-ல் ரூ.23,622 கோடியை எட்டியது. 2029-க்குள் ரூ.50,000 கோடி என்பது அரசின் இலக்கு. பெங்களூரு தொழிற்சாலைகளுக்கு இது நல்ல செய்திதான். ஆனால், இலக்கு நிர்ணயிப்பதும் ராணுவத் தளவாடங்களுக்கு ஏற்றுமதி அனுமதி வழங்குவதும் ஒரே பாதுகாப்பு அமைச்சகம். விற்பவரே தணிக்கையாளராகவும் இருக்க முடியுமா?

இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பும் இந்திய நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்யக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. அது ஏற்கத்தக்கதே. அப்படியானால் அரசைக் கேள்வி கேட்க எஞ்சியிருப்பது நாடாளுமன்றம் மட்டுமே. பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு மானியக் கோரிக்கைகளை ஆராய்கிறது; அமைச்சகத்தின் அன்றாட நிர்வாகமோ அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது.

அமெரிக்காவில் பெரிய ஆயுத விற்பனைகளை நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க 1976-ம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. ஸ்வீடனில் ஏற்றுமதி அனுமதி குறித்து ஆலோசனை கூற, கட்சிகளின் பிரதிநிதிகள் கொண்ட குழு உள்ளது. இதனால் அந்நாடுகளின் ஆயுதத் தொழில் நசிந்துவிடவில்லை.

ரகசியம் காக்க வேண்டும் என்ற அரசின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால், நிலைக்குழுக்கள் மூடிய அறையில்தான் கூடுகின்றன. எந்த நாட்டுக்கு, எத்தகைய தளவாடம், எவ்வளவு மதிப்பில் சென்றது என்ற ஆண்டறிக்கையை அவையில் தாக்கல் செய்யலாம். போரில் ஈடுபட்டுள்ள நாடுகளுக்கு அனுப்புவதற்கு முன் நிலைக்குழுவிடம் ரகசியமாகத் தெரிவிக்கலாம்.

ஆயுதம் கப்பல் ஏறிய பிறகு கேட்கப்படும் கேள்வியால் பயனில்லை என்பதை ஈழத்தின் இறுதிப் போர் தமிழர்களுக்கு உணர்த்திவிட்டது. தமிழக உறுப்பினர்களே இந்தக் கோரிக்கையை அவையில் முதலில் எழுப்ப வேண்டும்.